அறுநூற்றுப் பதினோரு மணி நேரம்

முந்நூறு இருக்கலாம். முந்நூற்றைம்பது என்று யாராவது அடித்துச் சொன்னால் அதையும் ஒப்புக்கொண்டுவிடலாம். ஆனால் அறுநூற்றுப் பதினொன்று எப்படி வரும்?

அடுப்பின் முன்னால் நின்று பாலையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, அவள் மனதுக்குள் மறுபடியும் பெருக்கினாள். வாரத்துக்கு ஐந்து நாள். நாளுக்கு ஒரு மணி நேரம், நாலிலிருந்து ஐந்து வரை. பதினாலு மாதம். எந்தப் பக்கமிருந்து பெருக்கினாலும் முந்நூற்றைச் சுற்றியே வந்து நின்றது. மீதி யாருடையது?

செய்த தப்புக்கு மேல் ஒரு மணி நேரம்கூடத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. ஆனால் தப்பையே இன்னும் ஒப்புக்கொள்ளாதவள், அதன் அளவைப் பற்றி யாரிடம் போய் வாதாடுவது? பால் பொங்கிவிட்டது.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. வீட்டின் ஒரே லேப்டாப், எட்டு வயதானது, கீல் முறிந்து, திரை ஒரு பக்கமாகத் தொங்கிப்போனது. அதை மாவு டப்பாவின்மேல் சாய்த்துவைத்து, படங்களையாவது காப்பாற்றலாம் என்று கணவர் நோண்டிக்கொண்டிருந்தபோது, நீல நிறத்தில் ஒரு பெட்டி திரையில் எழும்பியது.

'வருக கேப்டன். உங்கள் துறைமுகம் காத்திருக்கிறது. இதுவரை விளையாடிய நேரம்: 611 மணி.'

கணவர் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பிறகு திரும்பி மகளைப் பார்த்தார். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் தரையைப் பார்த்தாள். அறுநூறு மணி நேரம் படித்திருந்தால் இந்நேரம் டாக்டராகவே ஆகியிருக்கலாம் என்று அவர் ஆரம்பித்து, அரை மணி நேரம் பேசினார். எல்லாம் முடிந்ததும் மகள், "சரிப்பா" என்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அம்மாவும் சொல்லவில்லை. முதல் நொடியில் திடுக்கிட்டதால் வாய் வரவில்லை. இரண்டாவது நொடியில், முதல் நொடியில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும் என்பதால் வரவில்லை. அப்படியே ஆறு நாள் ஓடிவிட்டது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வந்தது.

தீர்ப்பு மட்டும் அன்றைக்கே வந்துவிட்டது. புது லேப்டாப் வாங்கலாம். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் எந்த விளையாட்டும் ஓடக் கூடாது.

இன்று சனிக்கிழமை. வாங்கும் நாள்.

கணவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரில் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், ஏறுவதற்கு முன் லிஃப்டுக்குள் மாட்டியிருக்கும் சான்றிதழின் தேதியைப் பார்ப்பார். தேதி தாண்டியிருந்தால் ஏழு மாடியானாலும் படிதான். குடும்பமும் படிதான். கடைக்குப் போகவும் சோதனைப் படிவம் செருகிய அட்டையை எடுத்துவைத்துக்கொண்டார்.

தேநீர் குடித்துக்கொண்டே, ஒரு லிஃப்டைப் பற்றிச் சொன்னார். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிடுகிறதாம். ஆள் போய்ப் பார்த்தால் ஒழுங்காக ஓடுகிறதாம்.

"பழுது எங்கன்னு தெரியலேன்னா, அதை மறுபடி வரவைக்கணும்," என்றார். "நம்ம கண்ணு முன்னாடி வந்துடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது."

அவள் பாதிக் காதால்தான் கேட்டாள். மீதிக் காது முழுக்க அந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது.

அவளுக்கு வேலை ஒரு காது மருத்துவமனையில். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். காலை எட்டிலிருந்து மூன்று வரை அவள் வாயிலிருந்து அதிகம் வரும் சொல், 'கேக்குதா?' வீட்டுக்கு வந்தால் மாற்றிக் கேட்பார்கள். அம்மா எங்கே, சட்டை எங்கே, சாவி எங்கே, கேக்குதா?

நாலு மணிக்குத் துறைமுகத்தைத் திறந்தால் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். படகுகள் வரும். கரையோரம் அவள் காட்டும் இடத்தில் நிற்கும். மூடுபனி வந்தால் விளக்குப் போடுவாள். கரடி ஓட்டும் சிவப்புப் படகு ஒன்று தினமும் தாமதமாக வரும், மணியை அடிக்கும், அவள் இடம் கொடுப்பாள். அவ்வளவுதான். ஜெயிக்கக்கூட ஒன்றுமில்லை. வயது நாற்பத்தெட்டு. இதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அதிசயம் என்னவென்றால், அவள் இல்லாத நேரத்தில் துறைமுகம் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. இரண்டு படகைக் காக்கவைத்துவிட்டு எழுந்து போனால், மறுநாள் அவை வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். நல்ல விளையாட்டு என்று நினைத்துக்கொள்வாள். தான் இல்லாவிட்டாலும் நடக்கிற இடம் ஒன்றாவது உலகத்தில் இருக்கிறதே.

கடை இரண்டாவது மாடியில். லிஃப்டின் சான்றிதழ் இன்னும் நாலு மாதம் செல்லும் என்பதால் ஏறினார்கள்.

நீள மேஜையில் இருபது லேப்டாப்புகள் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தன. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய விற்பனைப் பெண், சனிக்கிழமைக் கூட்டத்தில் தொண்டை கட்டிப்போய், நேரே கணவரிடம் வந்தாள். எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

"படிப்புக்கு. கேம் ஓடக் கூடாது."

அவள் கண்ணைச் சிமிட்டினாள். "ஓடக் கூடாதா சார்?"

"ஓடவே கூடாது."

"எல்லாத்துலயும் கொஞ்சமாவது ஓடும் சார்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

இந்தக் கேள்வி அவள் பயிற்சியில் இல்லை போலிருந்தது. கடைசியில் மேஜையின் கோடிக்கு அழைத்துப்போய், இருப்பதிலேயே விலை குறைந்த ஒன்றைக் காட்டினாள். நாலு ஜிபி ரேம். இதில் எது ஓடினாலும் அது ஓட்டுகிறவரின் பொறுமையைப் பொறுத்தது என்றாள்.

அம்மா விலைச்சீட்டை இன்னொரு தடவை படித்தாள். நாலு ஜிபியில் துறைமுகம் திறக்கவே திறக்காது. அப்படியே திறந்தாலும் மூடுபனி வரும்போது படகுகள் நொண்டும். ஆறு நாளாக, ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் எல்லாம், அவள் ஃபோனில் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். எட்டு ஜிபி போதும், பின்னால் சேர்த்துக்கொள்ள இடமிருந்தால் இன்னும் நல்லது. பழைய சுழலும் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டிதான் வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை; ஓரளவு புதிய ப்ராசசர் என்றால் அதற்குள் இருப்பதே அவளுடைய படகுகளுக்குத் தாராளம். காற்றுத் துளை அடியில் மட்டும் இருக்கக் கூடாது, ஏனென்றால் அவள் தலையணையை மடியில் போட்டு அதன்மேல் வைப்பவள்.

இத்தனைக்கும் பொருந்துகிற சாம்பல் நிற லேப்டாப் இடமிருந்து மூன்றாவதாக இருந்தது. உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டாள். கல்யாண வீட்டில் தெரிந்த முகத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"பாடமெல்லாம் இப்ப வீடியோவா வருது," என்றாள் பொதுவாகக் காற்றைப் பார்த்து. "நாலு ஜிபி திணறாதா?"

"திணறும் சார்," என்றாள் விற்பனைப் பெண், கணவரிடம்.

"ரேம் அப்புறம் சேத்துக்கற மாதிரி வருமா?"

"சில மாடல்ல வரும் சார்."

அம்மா கேள்வி கேட்பதும், பதில் அவளைத் தாண்டிப் போய் அப்பாவிடம் சேர்வதுமாகக் கொஞ்ச நேரம் நடந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. திருட்டுத்தனம் செய்கிறவளுக்கு, தன்னை யாரும் பார்க்காதது வசதிதான்.

அவளைக் காப்பாற்றியது லிஃப்ட் தொழில். கணவர் அட்டையைக் கையில் எடுத்து, விலை குறைந்த லேப்டாப்பின் மூடியை மூடித் திறக்க ஆரம்பித்தார். முப்பது தடவை. வீட்டில் போனது கீல் அல்லவா? பிறகு சுமைச் சோதனை. எந்த லிஃப்டையும் அதன் அளவுக்கு மேல் கால் பங்கு ஏற்றிப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. பாட வீடியோ ஒன்று, கூட்டல் கழித்தல் தாள் ஒன்று, அதற்கு மேல் ஜன்னலாகத் திறந்துகொண்டே போனார். பதினாறாவது ஜன்னலில் லேப்டாப் உறைந்து நின்றது.

"மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நிக்குது," என்று சொல்லிவிட்டு, படிவத்தில் பெருக்கல் குறி போட்டார்.

அடுத்து விற்பனைப் பெண் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, கருப்பும் சிவப்புமாக ஒன்றைத் திறந்தாள். எழுத்துகளுக்கு அடியிலெல்லாம் வண்ண விளக்கு ஓடியது. தனி கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு விசிறி, இரண்டு மாதச் சம்பளம். அம்மா குனிந்து விசைப்பலகையின் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். முடி உலர்த்தும் கருவியைத் தலையணைக்குள் வைத்ததுபோல் ஒரு இரைச்சல். ஒரு மீன்பிடிப் படகைக் கரைசேர்க்க இத்தனை வெளிச்சமும் சத்தமும் எதற்கு?

"என்ன பண்றே?" என்றார் கணவர்.

"சத்தம் பாக்கறேன். இது அம்பது டெசிபல் இருக்கும். பக்கத்துல உக்காந்து படிக்க முடியாது."

மகள் ஃபோனிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்: "அப்பா மூடி மூடித் திறக்கறார். அம்மா காது வச்சுக் கேக்கறா. நான் கீழ போய் நிக்கட்டுமா?"

ஒருவழியாகச் சாம்பல் நிற லேப்டாப்பிடம் வந்துசேர்ந்தார்கள். அவள் கொண்டுவந்து சேர்த்தாள் என்பதே சரி. கீல் முப்பது தடவையும் தாங்கியது. ஜன்னல்கள் இருபதைத் தாண்டின. அவள் காதை வைத்தாள். தூங்குகிற குழந்தையின் மூச்சு அளவுக்குத்தான் இருந்தது. மனசு குதித்தது. முகத்தை மட்டும் காது மருத்துவமனை முகமாக வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு மேல என்ன சுமை ஏத்தலாம்?" என்றார் கணவர்.

கேம் ஒன்று போட்டால்தான் உண்மையாகவே சூடேறும் என்றாள் விற்பனைப் பெண், திட்டு வாங்கத் தயாராக ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு.

கணவர் யோசித்தார். "சோதனைக்குத்தானே? போடுங்க. எங்க வீட்ல ஒரு துறைமுகம் ஓடுச்சு. அது கிடைக்குமா பாருங்க."

அம்மாவின் கை கைப்பைக்குள் போய் எதையோ தேடியது. எதுவும் தொலைந்திருக்கவில்லை.

முதல் லெவல் இலவசம் என்பதால் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. கணவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கடல் விரிந்தது. அவள் பதினாலு மாதத்துக்கு முன் முதன்முதலில் பார்த்த அதே கடல், மூன்றே மூன்று படகுத்துறையோடு.

அவர் விளையாடியதைச் சொல்லி மாளாது. உப்பு மூட்டைப் படகு வந்தது. அதைக் கொண்டுபோய்ப் பயணிகள் துறையில் நிறுத்தினார். மீன் படகை அதன் வாலில் இடித்து நிறுத்தினார். மூடுபனி இறங்கியது. விளக்குப் போடவில்லை. சிவப்புப் படகு வந்தது, வழக்கம்போல் தாமதமாக. நிற்க இடமில்லை. கரடி மணியை அடித்தது. அவர் தாடையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கரடி மறுபடி மணியை அடித்தது.

எத்தனையோ ஆயிரம் காதுகளைப் பார்த்தவள் அவள். ஒரு ஒலி கேட்டதும் கை தானாகப் பொத்தானை அழுத்துவதைத் தினம் தினம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்பவள். யோசித்து அழுத்துகிறவர்கள் இல்லை. காது கேட்டால் விரல் போகும்.

அவள் விரல் போனது.

கணவரின் தோளுக்கு மேலாகக் குனிந்து, மௌஸைத் தொடக்கூட இல்லை, விசைகளிலேயே தட்டினாள். விளக்கு எரிந்தது. உப்புப் படகு பின்னால் நகர்ந்தது, மீன் படகு திரும்பியது, சிவப்புப் படகு உள்ளே நுழைந்து கயிறு கட்டிக்கொண்டது. முயலும் வாத்துமாகப் பயணிகள் வரிசையாக இறங்கினார்கள். எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு நொடி இருக்கும்.

நிமிர்ந்தபோது மூன்று பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விற்பனைப் பெண் அன்று முதன்முறையாக அவளைப் பார்த்துப் பேசினாள். "மேடம், நீங்க எத்தனாவது லெவல்?"

"முப்பத்திரண்டு," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான், சொன்னது காதில் விழுந்தது. பூமி பிளக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ பிரிண்டருக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணவர் படிவத்தில் ஒரு சரி போட்டார். "இதையே கட்டிடுங்க," என்றார். பிறகு மகளிடம் திரும்பி, "நீ இல்லேன்னு ஏன்டி சொல்லல?"

"நீங்க கேக்கலியேப்பா. பார்த்தீங்க. அவ்வளவுதான்."

பணம் கட்டும் வரிசையில் நின்றபோது அம்மா மகளின் முழங்கையைத் தொட்டாள். ஆறு நாள் உன்னை மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தேனே என்று சொல்ல நினைத்தாள். வார்த்தைகளை வரிசைப்படுத்துவதற்குள் மகள், "விடும்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, தொண்டை கட்டிய விற்பனைப் பெண்ணுக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். மகளின் இந்தப் பெருந்தன்மை எங்கேயோ இடித்தது. எங்கே என்று அப்போது புரியவில்லை.

வீட்டுக் கட்டடத்தின் லிஃப்டில் ஏறும்போது, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்த கணவர், எதிர்ச் சுவரைப் பார்த்துக் கேட்டார்: "முப்பத்திரண்டா?"

"ம்."

இரண்டு மாடி தாண்டியது.

"அந்தக் கரடி ஏன் எப்பவும் லேட்டாவே வருது?"

"வழியில காத்துக்கிட்டு நிக்கறவங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு வருது. அதான்."

அவர் அதை நெடுநாள் சந்தேகம் தீர்ந்தவர்போல் கேட்டுக்கொண்டார்.

சாப்பாட்டு மேஜையில் தேநீரை வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தார்கள். மகள் தன் அறைக்குப் போய்விட்டாள், கதவு திறந்தேயிருந்தது. லேப்டாப் முதலில் பெயர் கேட்டது. யார் பெயரைப் போடுவது என்று அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தேநீரைப் பார்த்தார். தன் பெயரைப் போட்டாள். வீட்டில் உள்ள ஒரு பொருள் அவள் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டது, கியாஸ் இணைப்புக்குப் பிறகு இதுதான்.

பழைய லேப்டாப்பில் துறைமுகம் யார் தொட்டாலும் திறந்துகொள்ளும். இங்கே அதை இணையத்திலிருந்து கொண்டுவர, புதிதாகப் பாஸ்வேர்டு வேண்டும் என்றது. கொடுத்தாள். கடல் விரிந்தது. முப்பத்திரண்டாவது லெவல், பதினெட்டுப் படகுத்துறை, அவள் நட்ட மரங்கள். வடக்கு முனையில் ஒரு கலங்கரை விளக்கம்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். கலங்கரை விளக்கம் அங்கேயே இருந்தது. மஞ்சள் நிறத்தில், சின்னதாக, சுற்றிச் சுற்றி வெளிச்சம் போட்டுக்கொண்டு. அவள் அதைக் கட்டவில்லை.

"நல்லா ஓடுதா?" என்று கணவர் திரையைப் பார்க்காமலேயே நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்தினார். "இங்க பாரு, நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியே? வடக்கு முனைய மட்டும் எனக்குக் குடேன். மீதியெல்லாம் நீயே பாத்துக்கோ."

அவள் மெதுவாகத் திரும்பினாள். "கடையில நீங்க பாத்தது முதல் லெவல். அதுல வடக்கு முனை கிடையாது. ஒன்பதாவது லெவல்லதான் திறக்கும்."

கணவர் தேநீரைக் குடித்தார். கோப்பை காலியான பிறகும் குடித்தார்.

பிறகு சொன்னார். புதன்கிழமை அவருக்கு விடுமுறை. அவள் மருத்துவமனையில் இருப்பாள். ஒரு நாள் எதையோ தேடப்போய்த் திறந்ததாம். படகு இரண்டு பாவமாக நின்றுகொண்டிருந்ததாம். கட்டிவிட்டாராம். அப்புறம் சில நாள் காலையில், அவள் கிளம்பிய பிறகும். மொத்தம் ஒரு நூற்றைம்பது மணி இருக்கும். அதற்கு மேல் சத்தியமாக இல்லை.

ஆக, துறைமுகம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வேறு ஏதோ ஒன்றும் வந்தது. யாருமில்லாத இடம் என்று நினைத்து அவள் இத்தனை மாதம் உட்கார்ந்திருந்த இடத்தில், இவர் நடந்துபோன தடம்.

"அப்ப கடையில தப்புத் தப்பா நிறுத்தினது?"

"பழுத மறுபடி வரவைக்கணும்ல? என் கணக்கு எனக்குத் தெரியும். மீதி யாருன்னு தெரியணுமே."

"அதுக்குப் புள்ளைய ஆறு நாள் குத்தவாளியா வச்சிருந்தீங்களா?"

"நீயும்தானே வச்சிருந்தே."

அவள் திரையை வடக்கு முனைக்கு நகர்த்தினாள்.

"சரி, லைட்ஹவுஸ் எப்பக் கட்டினீங்க?" என்றாள்.

"எந்த லைட்ஹவுஸ்?"

அவர் நடிக்கவில்லை. கண்ணைச் சுருக்கித் திரையைத் தேடினார். அவளுடையது முந்நூறு, இவருடையது நூற்றைம்பது. இன்னும் நூற்றறுபது மணி நேரம் யாருக்கும் சொந்தமில்லாமல் மிதந்தது. அப்போது உள்ளே, மகளின் அறைக் கதவு சாத்திக்கொள்ளும் ஓசை கேட்டது. பத்து டெசிபல்கூட இருக்காது. கணவருக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

"லைட்ஹவுஸ் கிடக்கட்டும்," என்றார் கணவர், குரலைக் குழைத்து. "பாஸ்வேர்டு என்ன போட்டே? புதன்கிழமை மட்டும். நாலு மணிக்கு நீ வரதுக்குள்ள எழுந்துடுவேன். நீ போட்டது போட்டபடி இருக்கும்."

கேட்கக் கூடாததை ஒன்றும் அவர் கேட்டுவிடவில்லை. இத்தனை வருடத்தில் அவள் எதைத்தான் பங்கு போடவில்லை? அலமாரியில் அவளுக்கென்று இருந்த தட்டு, ஜன்னலோர நாற்காலி, ஃபோன் சார்ஜர், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். ஒவ்வொன்றும் 'கொஞ்சம்' என்றுதான் கேட்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும், அவர்கள் கேட்டு முடிக்கும் முன்பே அவள் சரி என்றிருக்கிறாள்.

சரி என்ற சொல் இப்போதும் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. சிவப்புப் படகு மணியை அடித்தது. அவள் அதற்கு இடம் கொடுத்தாள். பிறகு திரையைத் தன் பக்கம் ஒரு விரற்கடை திருப்பிக்கொண்டாள்.

"உங்களுக்குத் தனியா ஒரு துறைமுகம் ஆரம்பிச்சுத் தரேன்," என்றாள். "புதன்கிழமை லேப்டாப்ப எடுத்துக்கோங்க. இது வேண்டாம். இதோட பாஸ்வேர்டு சொல்ல மாட்டேன்."

கண்ணாடி அறைக்குள் அவள் கடைசியாக அனுப்பும் மிக மெல்லிய ஒலி அளவுக்குத்தான் குரல் இருந்தது. அவருக்கு அது கேட்டுவிட்டது.